கிராஃபைட் எலக்ட்ரோடுக்கான பிட்ச்: மதுரைப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

கப்பலூரிலும் கே.புதூரிலும் சிறுதொழில் வைத்திருப்பவர்கள், வேதியியலோ மெட்டலர்ஜியோ படித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கிற பிள்ளைகள், இவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பக்கத்தில் சிவகங்கையில் கிராஃபைட் தோண்டுகிறார்கள், தூத்துக்குடியில் கப்பல் கப்பலாக நிலக்கரி இறங்குகிறது, பிறகு ஏன் நம் ஊரில் கிராஃபைட் எலக்ட்ரோடுக்கான சரக்கு எதுவும் தயாராவதில்லை? ஆசை நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன, அவற்றை முதலில் களைந்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

சிவகங்கையில் கிடைப்பது இயற்கையான செதில் கிராஃபைட். தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் அதைத் தோண்டி, மிதப்பு முறையில் சுத்தம் செய்து கொடுக்கிறது. உலைச் செங்கல், மூசை, பென்சில், மசகு என்று அதற்குப் போகுமிடங்கள் உண்டு. எஃகு உருக்கும் வில் உலையில் மின்சாரம் பாய்ச்ச நிற்கிற தடியான எலக்ட்ரோடு முழுக்கச் செயற்கை கிராஃபைட். நீடில் கோக் என்ற ஒரு உயர்ரகக் கோக்கை, கரித்தாரிலிருந்து எண்ணெய்களை வடித்த பின் அடியில் மிஞ்சும் கறுப்புப் பொருளான பிட்ச் சேர்த்துப் பிசைந்து, அச்சில் தள்ளி, சுட்டு, கடைசியில் 2,800 முதல் 3,000 டிகிரி செல்சியஸ் வரை மின்சாரத்தால் சூடாக்கினால் கிடைப்பது அது. இன்னொன்று, தூத்துக்குடியில் இறங்கும் கரியில் பெரும்பகுதி அனல்மின் நிலையத்தில் எரிவதற்கு. எரிந்த கரியிலிருந்து தார் வராது. கோக்கிங் கரியைக் காற்றுப் படாமல் 1,000 டிகிரிக்கு மேல் வாட்டும்போது வெளிவரும் புகையைக் குளிர்வித்தால்தான் கரித்தார் கிடைக்கும், அதுவும் ஒரு டன் கரிக்கு ஏறக்குறைய 30 முதல் 45 கிலோ. எனவே தார் என்பது விசாகப்பட்டினம், பிலாய், ரூர்கேலா, பொகாரோ, துர்காபூர் மாதிரி எஃகு ஆலைகளின் கோக் ஓவன்களில், அதாவது கரியை வாட்டிக் கோக் ஆக்கும் அடுப்புகளில் பிறக்கிற பொருள். அங்கேயும் எல்லா ஓவனும் தார் தராது. வாயுவை உள்ளேயே எரித்துவிடும் வகை ஓவன்கள் நாட்டில் நிறைய உண்டு, அவற்றில் சொட்டுத் தார் மிஞ்சாது.

அப்படியென்றால் மதுரையில் உட்கார்ந்து இதைப் படித்து என்ன பயன் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. இந்தத் தொழிலில் ஆள் தேவை எப்போதும் உண்டு, குறிப்பாகப் பிட்ச்சைச் சோதித்து அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தைரியமாகச் சொல்லக்கூடிய ஆள். அந்தத் திறமைக்குப் பெரிய ஆலை வேண்டாம், நல்ல ஆய்வகம் ஒன்று போதும். நான் சொல்லப் போவதும் அந்தத் திறமைக்கு வேண்டியதைத்தான். கொட்டகையில் பேரல் வைத்துத் தார் காய்ச்சலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: வேண்டவே வேண்டாம். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

எதற்கான பிட்ச் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பிட்ச்சைச் சுத்திகரிப்பது என்றதும், அழுக்கை எடுத்துவிட்டால் நல்ல சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே கணக்கு வேறு. ஒரு வேலைக்கு அழுக்காக இருப்பது இன்னொரு வேலைக்குப் பலம்.

கோக்கை ஒட்ட வைப்பது பைண்டர் பிட்ச். 100 பங்கு கோக்குக்கு 20 முதல் 30 பங்கு வரை போகும். சுடும்போது அந்தப் பிட்ச்சில் பாதிக்குச் சற்று மேல் கார்பனாக நிற்கும், மீதி புகையாகப் போய்விடும். போன இடத்தில் ஓட்டைகள். அந்த ஓட்டைகளை நிரப்ப, சுட்ட எலக்ட்ரோடு கட்டையை ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலத்தில் வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, உருகிய பிட்ச்சை அழுத்தத்தில் உள்ளே ஏற்றுகிறார்கள். இதற்கு வேண்டியது இம்ப்ரெக்னேஷன் பிட்ச். மூன்றாவதாக நீடில் கோக் செய்வதற்கான பிட்ச், அது தனி உலகம்.

இந்த மூன்றையும் பிரிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு எண். கியூஐ என்று சொல்வார்கள், குயினோலின் என்ற திரவத்தில் கரையாமல் நிற்கும் பங்கு. கோக் ஓவனுக்குள் கரியிலிருந்து எழும் ஆவி, சூடான சுவரையும் கூரையையும் உரசிக்கொண்டு போகும்போது வெடித்துச் சிதறி உண்டாகிற நுண்ணிய கரிமணிகள்தான் அதில் பெரும்பகுதி. பல மணிகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே. கூடவே ஓவனிலிருந்து பறந்து வந்த கரித்தூளும் கோக்தூளும் கொஞ்சம் இருக்கும்.

பைண்டருக்கு இந்தக் கரிமணிகள் அளவோடு இருப்பது நல்லது. கார்பன் விளைச்சலைக் கூட்டும், ஒட்டிய இடத்துக்கு உறுதி தரும். எட்டிலிருந்து பதினான்கு சதவீதம் வரை கியூஐ கேட்பவர்கள் உண்டு. அதே பிட்ச்சை இம்ப்ரெக்னேஷனுக்குக் கொண்டுபோனால், மணிகளெல்லாம் கட்டையின் மேல்தோலிலேயே தங்கி ஒரு படலமாகப் படிந்துவிடும், உள்ளே பிட்ச் இறங்கவே இறங்காது. அதனால் அங்கே ஐந்து சதவீதத்துக்குக் கீழே கேட்பார்கள், குறையக் குறைய நல்லது. நீடில் கோக்குக்கோ 0.1 சதவீதத்துக்கும் கீழே.

நீடில் கோக்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு கறார்? பிட்ச்சை 400 டிகிரிக்கு மேல் மெதுவாக வாட்டினால், அதன் பெரிய மூலக்கூறுகள் தட்டுத் தட்டாக அடுக்கி, குட்டிக் குட்டி உருண்டைகளாகப் பிரியும். மீசோஃபேஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் ப்ரூக்ஸ், டெய்லர் என்ற இருவர், எரிமலைக் குழம்பு ஊடுருவிச் சூடேற்றிய ஒரு நிலக்கரிப் படுகையை ஆராய்ந்தபோது நுண்ணோக்கியில் இந்த உருண்டைகளைக் கண்டார்கள். 1965இல் வெளிவந்த அவர்களுடைய விளக்கத்தின் மேல்தான் இன்றைய கார்பன் தொழில்நுட்பத்தின் பாதி நிற்கிறது. உருண்டைகள் ஒன்றோடொன்று கலந்து பெரிய பரப்பாக விரிந்தால்தான் நீளநீளமான ஊசி அமைப்பு வரும். கரிமணிகள் அந்த உருண்டைகளின் மேல் ஒட்டிக்கொண்டு கலக்க விடாமல் தடுத்துவிடும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால், மற்ற படிகளெல்லாம் தானாக விளங்கும்.

தார் வந்ததும் செய்ய வேண்டிய கணக்கு

டேங்கர் வந்து நின்றதும் இறக்கிவிடாதீர்கள். மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் மாதிரி எடுங்கள், அடியில் மண்டி படிந்திருக்கும். பார்க்க வேண்டியவை: தண்ணீர், அடர்த்தி, சாம்பல், கியூஐ. அடர்த்தி 1.15 முதல் 1.22 வரை இருப்பது வழக்கம். தார் கனமாக இருந்தால் பெரும்பாலும் கியூஐ கூடுதலாக இருக்கும், ஓவனை அதிகச் சூட்டில் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது ஒரு கணக்கு. தாரை வடிக்கும்போது எண்ணெய்கள் மேலே போய்விடும், கரிமணிகள் எங்கேயும் போகாது, எல்லாம் அடியில் பிட்ச்சோடு தங்கும். 100 கிலோ தாரில் 5 கிலோ கியூஐ இருந்து, 50 கிலோ பிட்ச் கிடைத்தால், பிட்ச்சின் கியூஐ 10 சதவீதம். பைண்டருக்கு அருமை. இம்ப்ரெக்னேஷனுக்கு 3 சதவீதம் வேண்டுமென்றால் தாரிலேயே அது 1.5க்குள் இருக்க வேண்டும். ஆகவே வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், நல்ல தார் தேடி அலைகிற அலைச்சல், கெட்ட தாரைச் சீராக்கச் செலவழிக்கிற பணத்தைவிட எப்போதும் மலிவு.

தண்ணீரை எடுப்பது

கோக் ஓவனிலிருந்து வரும் தாரில் அமோனியா கலந்த நீர் இருக்கும். அது தெளியட்டும் என்று தொட்டியில் 70, 80 டிகிரியில் நிறுத்தி வைப்பார்கள், பெரிய ஆலைகளில் சென்ட்ரிஃபியூஜ் போட்டுப் பிரிப்பார்கள். அதற்குப் பிறகும் குழம்போடு குழம்பாகக் கலந்து நிற்கும் நீரை 110 முதல் 140 டிகிரி வரை சூடாக்கி ஆவியாக ஓட்ட வேண்டும். அரை சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் பெரிய உலைக்குப் போக வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்தால் ஏறக்குறைய 1,700 லிட்டர் நீராவி. 200 டிகிரித் தாருக்குள் அடியில் ஒளிந்திருந்த ஒரு குவளை நீர் திடீரென்று ஆவியானால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பாத்திரத்திலுள்ள மொத்தமும் நுரைத்துப் பொங்கி வெளியே வந்து நெருப்பில் விழும். பேரலில் காய்ச்சாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

அந்த நீரோடு அமோனியம் குளோரைடும் வரும். சூட்டில் அது பிரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி வடிகலத்தின் மேல்பகுதி இரும்பை அரித்துத் தின்னும். அதைத் தடுக்கக் கொஞ்சம் சோடா சேர்ப்பார்கள். கை தாராளமாகச் சேர்த்துவிட்டால் சோடியம் முழுவதும் பிட்ச்சில் தங்கி சாம்பலைக் கூட்டும், சுடும்போது கார்பன் சீக்கிரம் எரிந்துபோகவும் வழி செய்யும். தேவையை அளந்து, அந்த அளவோடு நிறுத்த வேண்டும்.

கியூஐயைக் குறைப்பது

பைண்டருக்குப் போகிறதென்றால் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடலாம்.

மற்றவர்களுக்கு மூன்று வழிகள். சூட்டில் வடிகட்டுவது கேட்க எளிது, செய்தால் ஒரு மைக்ரான் மணிகள் வடிகட்டியின் கண்களைச் சீக்கிரமே அடைத்துவிடும். டயட்டமைட் தூள் படலம் போட்டு, அழுத்தம் கொடுத்து, அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜ் கரடுமுரடான தூளை நன்றாக எடுக்கும், நுண்மணிகளை முழுவதும் எடுக்காது. மூன்றாவது, கரைப்பான் சேர்த்துப் படிய வைப்பது. அரோமேட்டிக் எண்ணெயும் மண்ணெண்ணெய் வகை எண்ணெயும் ஒரு விகிதத்தில் கலந்து தாரில் சேர்த்தால், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் இறங்கும். மேலே தெளிந்ததை எடுத்துக் கரைப்பானை வடித்துப் பிரித்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றாவது முறையில்தான் கைத்திறமை தெரியும். மண்ணெண்ணெய் வகை குறைந்தால் மணிகள் திரளாமல் மிதக்கும். அதிகமானால் கரிமணிகளோடு சேர்ந்து பிட்ச்சின் ஒட்டும் பகுதியான நல்ல ரெசினும் வெளியே வந்துவிடும், பிட்ச் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் சுட்டால் கார்பன் மிஞ்சாது. ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து, விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, எந்தக் குழாயில் மண்டி சீக்கிரம் கீழே இறங்குகிறது, மேலே உள்ளதன் கியூஐ என்ன, டிஐ (டொலுயீனில் கரையாத பங்கு) என்ன என்று எழுதிக்கொண்டே போங்கள். ஒரு தாருக்குப் பொருந்திய விகிதம் இன்னொரு தாருக்கு அப்படியே பொருந்தாது. அடியில் படிந்த மண்டியை வீசாதீர்கள், பைண்டர் வகையில் கலக்க அது உதவும்.

கலக்கும் கணக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கியூஐ எடைக் கணக்கில் நேராகக் கூடும். 14 சதவீதப் பிட்ச்சும் 5 சதவீதப் பிட்ச்சும் கையில் இருக்கின்றன, 10 வேண்டும். பத்திலிருந்து ஐந்தைக் கழித்தால் 5, பதினான்கிலிருந்து ஐந்தைக் கழித்தால் 9. ஐந்தை ஒன்பதால் வகுத்தால் 0.556. அதாவது 100 கிலோவுக்கு முதல் பிட்ச் 55.6 கிலோ, இரண்டாவது 44.4 கிலோ. ஆனால் சாஃப்டனிங் பாயின்ட், அதாவது பிட்ச் இளகும் வெப்பம், இப்படி நேர்க்கோட்டில் வராது, அதைக் கலந்த பிறகு அளந்தே பார்க்க வேண்டும்.

வடித்தல்

நீர் போன தாரைக் குழாய் உலையில் ஓடவிட்டு 350, 400 டிகிரி பக்கம் சூடேற்றிக் கோபுரத்துக்குள் விடுவார்கள். கொதிநிலை வாரியாகப் பிரியும். 180 டிகிரி வரை லேசான எண்ணெய், அடுத்து 210 வரை ஃபீனால் இருக்கும் எண்ணெய், 230 வரை நாஃப்தலீன் எண்ணெய், அதற்கு மேல் வாஷ் ஆயில், கடைசியில் 360 வரை ஆந்திரசீன் எண்ணெய். அடியில் நிற்பது பிட்ச், ஏறக்குறைய பாதி. வீட்டில் பீரோவில் போடுகிற அந்துருண்டையும், கான்கிரீட்டில் தண்ணீரைக் குறைக்கச் சேர்க்கிற ஒரு வகைக் கெமிக்கலும் நாஃப்தலீனிலிருந்து வருபவை. கனமான எண்ணெய்கள் கார்பன் பிளாக்குக்குப் போகும், மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டயர் செய்கிறார்களே, டயருக்குக் கறுப்பையும் உரத்தையும் கொடுப்பது கார்பன் பிளாக்தான். பிட்ச் மட்டும் விற்று இந்தத் தொழில் நிற்காது, எண்ணெய்களும் சேர்ந்து விற்றால்தான் வரவு செலவு சரியாக வரும்.

சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் எண்ணெய் நன்றாகப் போகும், ஆனால் குழாய்க்குள்ளேயே கோக் படிந்துவிடும். அதனால் கடைசிக் கட்டத்தில் வெற்றிடம் வைக்கிறார்கள், குறைந்த சூட்டிலேயே கன எண்ணெய் எழும்பி வரும்.

பதம் பார்ப்பது

பிட்ச்சுக்கு உருகுநிலை என்று ஒரு புள்ளி கிடையாது, மெதுவாக இளகும். எந்த வெப்பத்தில் இளகுகிறது என்பதைத்தான் சாஃப்டனிங் பாயின்ட் என்கிறோம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது பதம் தப்பினால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், இங்கேயும் அதே கவனம் வேண்டும். பைண்டருக்கு இன்று பொதுவாக 105 முதல் 115 டிகிரி கேட்கிறார்கள், இம்ப்ரெக்னேஷனுக்கு 80 முதல் 95.

இதை எட்ட இரண்டு வழி. ஒன்று, வெற்றிடத்தில் எண்ணெயை இன்னும் கொஞ்சம் உறிஞ்சுவது. அப்போது பிட்ச்சின் உள்ளமைப்பு அதிகம் மாறாது. இன்னொன்று, 380, 400 டிகிரியில் சில மணி நேரம் ஊற விடுவது. அப்போது சிறிய மூலக்கூறுகள் இணைந்து பீட்டா ரெசின் என்ற ஒட்டும் பகுதி வளரும், கார்பன் விளைச்சலும் ஏறும். சூடோ நேரமோ எல்லை தாண்டினால் மீசோஃபேஸ் உருண்டைகள் தோன்ற ஆரம்பிக்கும், அதுவும் சோதனையில் கியூஐயாகத்தான் தெரியும். அறிக்கையில் கியூஐ 12 என்று பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், அது ஓவனில் பிறந்த கரிமணியா, நம் கலத்தில் பிறந்த மீசோஃபேஸா என்று நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். ஒளிமுனைவு நுண்ணோக்கியில் மீசோஃபேஸ் பளிச்சென்று நிறம் மாறும், கரிமணி மாறாது. பைண்டரில் மீசோஃபேஸ் கோக்கின் துளைகளுக்குள் நுழையாது, பிசையும்போது கட்டி கட்டியாக நிற்கும்.

காற்று ஊதியும் சாஃப்டனிங் பாயின்டை ஏற்றலாம். சீக்கிரம் ஏறும். ஆனால் ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தாறுமாறாகப் பின்னிவிடுவதால் பிற்பாடு கிராஃபைட்டாக ஒழுங்கு பெறுவது குறையும். எலக்ட்ரோடு பிட்ச்சுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கற்க வேண்டிய சோதனைகள்

முதலில் சாஃப்டனிங் பாயின்டை அளக்கும் ரிங் அண்ட் பால். பித்தளை வளையத்தில் உருகிய பிட்ச்சை ஊற்றி, ஆறியதும் சூடான கத்தியால் மேலே மட்டமாகச் சீவுங்கள். சீவிய முகம் கறுப்புக் கண்ணாடியாகப் பளபளக்க வேண்டும், குமிழியின் குழி ஒன்று தெரிந்தாலும் அந்த வளையத்தை ஒதுக்கிவிடுங்கள். அதன் மேல் 3.5 கிராம் எஃகு உருண்டை. கிளிசரின் நிரப்பிய பீக்கரில் தொங்கவிட்டு நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் சூடேற்றுங்கள். நெடுநேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு வளையத்தின் அடிவயிறு லேசாகப் புடைக்கும், உருண்டை பிட்ச்சைப் போர்த்திக்கொண்டு ஒரு பைபோலக் கீழே இறங்கும், 25 மில்லிமீட்டர் தாண்டித் தட்டைத் தொட்ட கணத்தின் வெப்பம்தான் விடை. இரண்டு வளையங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொட வேண்டும். பெரிய ஆலைகளில் இதையே அளக்க மெட்லர் கருவி வைத்திருப்பார்கள், ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி 3104 அதற்கான முறை. ஒரே பிட்ச்சுக்கு இரண்டு முறையும் ஒரே எண்ணைத் தராது, ஆகவே எண்ணோடு முறையின் பெயரையும் எழுதாத அறிக்கையை நம்பாதீர்கள்.

கியூஐக்கு ஏஎஸ்டிஎம் டி 2318. பொடித்த பிட்ச்சைக் குயினோலினில் 75 டிகிரியில் கரைத்து, வடிகட்டி, கழுவி, உலர்த்தி, நிறுக்க வேண்டும். குயினோலின் நச்சு, அதன் நாற்றமும் உடையை விட்டுப் போகாது, புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே பாட்டிலைத் திறக்கவே கூடாது. டொலுயீனில் கரையாத பங்குதான் டிஐ, முறை டி 4072. டிஐயிலிருந்து கியூஐயைக் கழித்தால் பீட்டா ரெசின். டிஐ 30, கியூஐ 10 என்றால் பீட்டா ரெசின் 20, பைண்டருக்கு மதிப்பான எண்.

அப்புறம் கோக்கிங் வேல்யூ, மூடிய மூசையில் வைத்துச் சுட்டால் எத்தனை சதவீதம் கார்பனாக நிற்கிறது என்பது. பைண்டருக்கு 55 முதல் 60 வரை எதிர்பார்ப்பார்கள். முறைக்கு முறை எண் மாறும் என்பது இதற்கும் பொருந்தும். சாம்பலும் கந்தகமும் குறைவாக இருக்க வேண்டும். கந்தகமும் நைட்ரஜனும் 1,500 டிகிரிக்கு மேல் வாயுவாக வெளியேறும்போது கட்டையே உப்பி வெடிக்கலாம், அதைச் சமாளிக்க இரும்பு ஆக்சைடு சேர்ப்பார்கள். பிசைகிறவர்களுக்குப் பாகுத்தன்மை அளவும் வேண்டும், சாஃப்டனிங் பாயின்டுக்கு மேலே 50, 60 டிகிரியில்தான் அவர்கள் பிசைவார்கள்.

உடம்பு: இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்

கரித்தார் பிட்ச் புற்றுநோய் தரும். சந்தேகம் அல்ல, உறுதியான விஷயம். லண்டனில் புகைபோக்கி துடைத்தவர்களுக்கு வந்த புற்றைப் பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் 1775இலேயே புகைக்கரியோடு தொடர்புபடுத்தினார். 1915இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் கரித்தாரைத் தடவித் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். பென்சோபைரீன் முதலான சேர்மங்கள்தான் காரணம். நம் தொழிற்சாலைச் சட்டம் 1948இன் மூன்றாவது அட்டவணையிலேயே தோல் புற்று, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. பிட்ச் ஆவிக்கு அமெரிக்காவின் எட்டு மணி நேர வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம். கண்ணுக்குப் புகை தெரிகிறது என்றாலே அளந்து பார்க்காமல் அங்கே நிற்காதீர்கள்.

நம் ஊருக்கு இன்னொன்று கூடுதலாக உண்டு. பிட்ச் தூள் படிந்த தோலில் வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி எரியும், சிவக்கும், நாளடைவில் கறுக்கும். குளிர் நாட்டுக்காரர்களே இதனால் கோடையில் ராத்திரி நேரத்தில் பிட்ச் இறக்குவார்கள், மதுரைச் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும். கட்டிப் பிட்ச்சை உடைக்கிற, அள்ளுகிற, லாரியில் ஏற்றுகிற வேலையைச் சூரியன் சாய்ந்த பிறகு வையுங்கள். முழுக்கைச் சட்டை, கழுத்து மூடும் துணி, கண்ணாடி, உரிய முகமூடி, வெளியே தெரிகிற தோலில் தடுப்பு க்ரீம். வேலை முடிந்ததும் வெயிலில் கால் வைக்கும் முன் சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டுக் குளித்துவிட வேண்டும். டீசலாலோ தின்னராலோ துடைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அது பிட்ச்சைத் தோலுக்குள் இன்னும் ஆழமாக இறக்கும், விட்டுவிடுங்கள். வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் மற்றவர் துணியோடு ஊறப்போடாதீர்கள், துவைக்கிற அம்மாவோ மனைவியோ இந்தத் தூளைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

உருகிய பிட்ச் கையில் பட்டால், உடனே நிறையத் தண்ணீரில் குளிர்விக்க வேண்டும். ஒட்டியதைப் பிய்த்து எடுக்கக் கூடாது, தோலோடு வரும், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள். தொட்டி தீப்பிடித்தால் தண்ணீர் பீய்ச்சாதீர்கள், நுரையோ உலர் பொடியோதான்.

சேமிப்பு

திரவமாக வைத்தால் 180, 200 டிகிரி சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். தொட்டியின் காற்றுக்குழாயையும் சூடாகவே வையுங்கள், நாஃப்தலீன் மாதிரியான பொருட்கள் அதில் படிகமாக உறைந்து அடைத்துவிட்டால் தொட்டிக்கு மூச்சு முட்டும். பம்ப் ஓடும்போது தொட்டி நசுங்கவும் கூடும். கட்டியாக வைப்பவர்கள், 80 டிகிரி சாஃப்டனிங் பாயின்ட் உள்ளதைத் தகரக் கொட்டகையில் மே மாதம் உயரமாக அடுக்காதீர்கள். உருகாது, ஆனால் தன் எடையாலேயே மெல்ல இறங்கித் துண்டுகள் எல்லாம் ஒன்றாகி ஒரே பாறையாகிவிடும், பிறகு உடைக்க வேண்டும், உடைத்தால் தூள், தூளென்றால் மேலே சொன்ன தொல்லை.

எங்கே தொடங்குவது

காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, மதுரையிலிருந்து ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். எலக்ட்ரோடு, கார்பன் பற்றிப் படிக்கிற பிள்ளைகள் அங்கே செய்முறைப் பயிற்சி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். சேலம் உருக்காலையில் வில் உலை ஓடுகிறது, தொழில்துறைப் பார்வையிடலுக்குக் கல்லூரி மூலம் எழுதிக் கேட்டுப் பாருங்கள், எலக்ட்ரோடு நிற்கிற இடத்தைப் பார்த்தவருக்குப் பிட்ச்சின் எண்கள் மனதில் வேறு மாதிரிப் பதியும். வேலை தேடுபவர்கள் வடக்கே போகத் தயாராக இருங்கள், எலக்ட்ரோடு ஆலைகள் மண்டிதீப், துர்காபூர் பக்கமும் பெரிய பிட்ச் ஆலைகள் மேற்கு வங்கத்திலும் இருக்கின்றன. சொந்தமாக ஏதாவது வேண்டுமென்றால் சோதனை ஆய்வகம் வையுங்கள். வடிப்பு ஆலை என்றால் இடம் வாங்கும் முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தையும் பார்த்துவிடுங்கள், ஊருக்குள், கண்மாய்க்குப் பக்கத்தில், கிணற்று நீரை நம்பி வாழ்கிற இடத்தில் இதை வைக்க நினைக்கவே கூடாது.

முதல் மாதிரியை எலக்ட்ரோடு ஆலைக்கு அனுப்பும்போது ஒரு கிலோ அனுப்பினால் போதாது, அவர்கள் பிசைந்து, தள்ளி, சுட்டுப் பார்க்கிற அளவு எவ்வளவு என்று கேட்டு அனுப்புங்கள். ஒரே தொகுதியிலிருந்து எடுத்த அதே பிட்ச்சில் ஒரு பங்கை டப்பாவில் அடைத்து, தேதி, தார் எங்கிருந்து வந்தது, எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் ஊறியது, எந்த முறையில் என்ன எண் வந்தது என்று எழுதி ஒட்டி, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து அவர்களிடமிருந்து கட்டையில் விரிசல் என்று கடிதம் வந்தால், அந்த டப்பாவைத் திறந்து கியூஐயையும் கோக்கிங் வேல்யூவையும் மறுபடி பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும்.